எல்லை தாண்டும் சின்னக் கைகள்

பிள்ளைகளுக்கு உலகத்தை அறிமுகம் செய்யும் வேலையைப் பக்கத்து ஊரிலிருந்து தொடங்கலாம். குமரி மாவட்டத்தை ஒட்டிய கேரள ஊர்களான பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் அதற்கு வழிகாட்டுகின்றன.

தமிழ்நாட்டு எல்லையிலுள்ள களியக்காவிளையில் பேருந்து ஏறினால் சில நிமிடங்களில் பாறசாலை வந்துவிடுகிறது. கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் மாறுவதில்லை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அக்கா ஒரு மாநிலத்திலும் தங்கை இன்னொரு மாநிலத்திலும் வாழ்க்கைப்பட்ட குடும்பங்கள் இங்கே ஏராளம். இந்தப் பக்கத்துப் பிள்ளைக்குத் தாத்தா. அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு அப்பூப்பன். சில வீடுகளில் இரண்டு சொல்லும் புழங்குகின்றன.

2015-இல் ஐ.நா. சபை வகுத்த நிலைத்த வளர்ச்சி இலக்குகளில், உலகக் குடியுரிமைக் கல்வியை 2030-க்குள் எல்லா மாணவருக்கும் தர வேண்டும் என்பதும் ஒன்று. நம் பள்ளிகள் பலவற்றில் இது கொடிகளின் படங்களாகவும் தலைநகரங்களின் பட்டியலாகவும் சுருங்கிவிடுகிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு நார்வே வெறும் பெயர். நடந்துபோகும் தூரத்தில் வேறு மொழி பேசும் ஒரு வீடு இருந்தால், அதுதான் அந்தப் பிள்ளைக்கு உலகத்தின் முதல் வீடு.

நெய்யாற்றின்கரையின் மகன்

மொழி எல்லை தாண்டிய இந்த உறவை வாழ்ந்து காட்டியவர் இந்த மண்ணிலேயே பிறந்தார். 1904-இல் நெய்யாற்றின்கரையில் பிறந்த ஜி. ராமச்சந்திரன் சாந்திநிகேதனில் தாகூரிடம் படித்து, பிறகு காந்தியிடம் போய்ச் சேர்ந்தார். டி.வி.எஸ். குடும்பத்து மகளான டாக்டர் சௌந்தரத்தை 1940-இல் மணந்தார். கணவர் மலையாளி, மனைவி தமிழர். இருவருமாக 1947-இல் திண்டுக்கல் அருகே, சின்னாளப்பட்டிப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். மருத்துவம், கைத்தொழில், பள்ளி என்று வளர்ந்து அது பல்கலைக்கழகமாகவும் ஆனது. மாணவர்களைக் கொண்டு சாந்தி சேனை என்ற அமைதிப் படையையும் ராமச்சந்திரன் அங்கே உருவாக்கினார். வயதான பின் பிறந்த ஊருக்கே திரும்பி வந்தவர் 1995-இல் காலமானார்.

காந்திகிராமத்தின் வேர் ஆதாரக் கல்வியில் இருக்கிறது. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாடு, கைவேலையின் வழியே தாய்மொழியில் கற்பிக்கும் முறையை முன்வைத்தது. ஜாகிர் உசேன் தலைமையில் பாடத்திட்டம் உருவானது. அதைக் காந்தியின் ஆசிரமமான சேவாகிராமத்தில் கட்டி வளர்த்தவர்களில் முதன்மையானவர் ஆரியநாயகம் என்ற யாழ்ப்பாணத் தமிழர். அவருடைய மனைவி ஆஷா தேவி வங்கப் பெண். ஏழு வயதுக்கு முற்பட்ட குழந்தைகளுக்கும் பின்னாளில் அங்கே தனி வகுப்பு வந்தது. துப்புரவும் நூற்பும் தோட்டமும் படிப்பின் பகுதிகள். பெருக்கிய இடத்தின் நீள அகலத்தை அளந்தால் கணக்கு. சேர்ந்த குப்பை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அறிவியல். யார் போட்டது, யார் அள்ளுகிறார் என்று கேட்டால் சமூகவியல். ஜப்பானில் இன்றும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் தங்கள் வகுப்பறையைத் தாங்களே துடைக்கிறார்கள். மதிய உணவை முறைபோட்டுப் பரிமாறுகிறார்கள். தொண்டு அங்கே ஒரு நாள் விழாவாக இல்லாமல், பல் துலக்குவதுபோல அன்றாடப் பழக்கமாக இருக்கிறது.

துயரமும் தண்ணீரும்

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது கடல் மாநிலம் பார்க்கவில்லை. நெய்யாற்றின்கரை தாலுகாவின் பொழியூர் முடியும் இடத்தில் குமரி மாவட்டத்தின் நீரோடி தொடங்குகிறது. கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் பிள்ளைகள் அப்பாவை இழந்தார்கள். அடுத்த ஆண்டு கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, புயலில் அடிபட்ட அதே கடலோரத்து மீனவர்கள் லாரிகளில் வள்ளங்களை ஏற்றிக்கொண்டு செங்கன்னூர்ப் பக்கம் போய் ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார்கள். அப்போது விழுப்புரத்துச் சிறுமி ஒருத்தி, சைக்கிள் வாங்கவென நான்கு ஆண்டுகளாக உண்டியலில் சேர்த்த சுமார் ஒன்பதாயிரம் ரூபாயைக் கேரளத்துக்குக் கொடுத்துவிட்டாள். மலையாளம் தெரிந்தா கொடுத்தாள்? தண்ணீருக்குள் நிற்கும் பிள்ளையின் முகம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

எல்லையில் தீராத வழக்கும் உண்டு. நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் கேரளத்திலிருந்து விளவங்கோட்டு வயல்களுக்கு வந்த தண்ணீர் 2004-இல் நின்றது. பெரியவர்கள் நீதிமன்றத்தில் நிற்கிறார்கள். பிள்ளைகளால் அதைத் தீர்க்க முடியாது. காய்ந்த வாய்க்காலைக் கேரளப் பக்கத்துப் பிள்ளையும், ஆற்றில் மணலும் கரையோரத் தோட்டமும் அழிந்துபோகும் நிலையைத் தமிழ்நாட்டுப் பக்கத்துப் பிள்ளையும் ஒருமுறை நேரில் பார்த்தால், நாளை தீர்வு பேசும் தலைமுறைக்கு நிதானம் இருக்கும்.

எங்கிருந்து தொடங்குவது

பிள்ளைகளைத் தொண்டில் சேர்ப்பதற்கான கட்டமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. கேரளத்தில் பெண்கள் சுய உதவி அமைப்பான குடும்பஸ்ரீயின் பாலசபைகளில் ஐந்து வயதிலிருந்தே பிள்ளைகள் சேரலாம். பஞ்சாயத்து மட்டத்தில் பாலபஞ்சாயத்தும் உண்டு. 2010-இல் கேரளம் தொடங்கிய மாணவர் காவல் படை, எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் போக்குவரத்து, மரம், முதியோர் என்று ஊர் வேலைக்குள் கொண்டுவந்தது; 2018-இல் அது நாடு முழுவதற்குமான திட்டமானது. பிள்ளைகளும் துணைபோகக்கூடிய, வீடு தேடிப்போகும் வலிநிவாரணப் பராமரிப்புக்குக் கேரளம் 2008-லேயே கொள்கை வகுத்தது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் சாரணர் படையும் இளஞ்செஞ்சிலுவைச் சங்கமும் இருக்கின்றன.

வயதுக்கேற்ற வேலைதான் முக்கியம். நான்கைந்து வயதில் செடிக்குத் தண்ணீர், பறவைக்குச் சட்டியில் தண்ணீர், குப்பையைப் பிரித்துப் போடுவது. எட்டு வயதில், படுக்கையில் இருக்கும் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு வாரம் ஒருநாள் செய்தித்தாள் வாசிப்பது. பன்னிரண்டு வயதில் ஊர்க் கிணறுகளைக் கணக்கெடுப்பது, எல்லைக்கு அப்பால் ஒரு பள்ளிக்குக் கடிதம் எழுதுவது.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. நோட்டுப் புத்தகம் வாங்கும் பிள்ளையைப் பேனருக்கு முன் நிறுத்திப் படம் எடுத்தால், கொடுத்தவன் பெருமையைக் கற்கிறான். வாங்கியவன் கூச்சத்தைக் கற்கிறான். வெயிலில் பிள்ளைகளை ஊர்வலம் நடத்துவது தொண்டில் சேராது. என்ன செய்யலாம் என்று பிள்ளைகளையே கேட்க வேண்டும். தங்களைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையை 1989-இன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை அவர்களுக்குத் தந்திருக்கிறது. இந்தியா அதை 1992-இல் ஏற்றது.

ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். களியக்காவிளைப் பக்கத்துப் பள்ளி ஒன்றும் பாறசாலைப் பக்கத்துப் பள்ளி ஒன்றும் மாதம் ஒரு சனிக்கிழமை சேர்ந்து ஒரே குளத்தின் கரையைச் சுத்தம் செய்யட்டும். வேலை முடிந்ததும் ஒன்றாக உட்கார்ந்து கஞ்சியும் பயறும் சாப்பிடட்டும். வீடு திரும்பும் பிள்ளையிடம் எவ்வளவு குப்பை அள்ளினாய் என்று கேட்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையின் பெயர் என்ன என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தெரிந்துவிட்டால், அடுத்த மழைக்கும் அடுத்த புயலுக்கும் அந்தப் பெயரை நினைத்துக் கவலைப்பட ஒரு பிள்ளை இந்தப் பக்கத்தில் இருக்கும்.