கால்களை ஓட வைப்பது எது?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி., விலங்கியல்)

"உடலுக்கு நல்லது, தினமும் காலையில் ஓடு" என்று ஒரு சிறுவனிடம் சொல்லிப் பாருங்கள். மூன்றாம் நாள் அவன் போர்வையை விட்டு எழமாட்டான். அவனையே தெருமுனையில் நான்கு தோழர்கள் "சடுகுடு ஆட ஆள் குறையுது, வாடா" என்று அழைத்தால் இருட்டும் வரை வீடு திரும்பமாட்டான். கால்கள் அவைதாம், அவற்றை ஓட வைக்கும் காரணம்தான் வேறு. அக்காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க இயங்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்நிறுவன ஆய்வாளர்கள் 146 நாடுகளின் விவரங்களைத் தொகுத்து 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதன்படி, 2016-இல் 11 முதல் 17 வயது வரையிலான மாணவர்களில் நூற்றுக்கு 81 பேர் இந்த அளவை எட்டவில்லை. ஆண்களில் 78 பேர், பெண்களில் 85 பேர். பெண்களிடையே இக்குறை குறைவாக இருந்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. மகிழ்ந்துவிட வேண்டாம். அவர்கள் செய்யும் வீட்டு வேலை அதற்குக் காரணமாக இருக்கலாம் என்கின்றனர் ஆய்வாளர்கள். இடுப்பிலுள்ள தண்ணீர்க்குடமும் கணக்கில் சேர்ந்துவிட்டது!

உடற்பயிற்சியின் நன்மையை அறியாதவர் யார்? அறிவு மட்டும் மனிதனை அசைப்பதில்லை. டெசி, ரையன் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர்கள் 1985-இல் வெளியிட்ட நூலில் விளக்கிய கொள்கை இங்கே உதவும். ஒரு செயலை நாமே விரும்பித் தொடர்ந்து செய்ய மூன்று உணர்வுகள் வேண்டுமாம். 'இதை நானே தேர்ந்தேன்' என்பது ஒன்று. 'என்னால் முடிகிறது' என்பது மற்றொன்று. 'நான் இவர்களுள் ஒருவன்' என்பது மூன்றாவது. இம்மூன்றும் கூடும் இடத்தில் இன்பம் பிறக்கிறது. இன்பம் இருந்தால் கட்டாயம் தேவையில்லை.

நம் கபடியையே பாருங்கள். பாடிச் செல்பவனுக்கு 30 விநாடி. எங்கே பாய்வது என்பது அவன் முடிவு. எதிராளியைத் தொட்டுத் திரும்பினால் திறமைக்குச் சான்று. அவன் எடுத்த புள்ளியால், வெளியேறி அமர்ந்திருக்கும் தோழன் மீண்டும் களத்துக்குள் வருகிறான். தோழமை அந்த ஆட்டத்தின் விதியிலேயே இருக்கிறது!

நம் திருவாரூர் மாவட்டத்து வடுவூர் கபடிக்குப் பேர்போன ஊர். 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய ஆண்கள் அணியில் வடுவூர் அபினேஷ் ஆடினார். தங்கம் வென்ற பெண்கள் அணியில் சென்னைக் கண்ணகி நகர் கார்த்திகா ஆடினார். இத்தகையோர் தனி மரமாக வளர்வதில்லை. கூட ஆடத் தோழர்களும், தட்டிக்கொடுக்க அண்ணன் அக்காமார்களும், வேடிக்கை பார்க்க ஊரும் வேண்டும்.

நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள். நம் தாய்மார்கள் நாற்று நட்டவர்கள். அது வயிற்றுக்கான உழைப்பு, விளையாட்டன்று. ஆயினும் அந்தக் களைப்பை வரப்போரப் பேச்சும் கேலியும் நடவுப் பாட்டும் ஓரளவு மறக்கச் செய்தன. நாம் வயலை விட்டுப் படிக்க வந்தோம். பேருந்திலும் பெஞ்சிலும் அமர்ந்தே நம் நாள் கழிகிறது. வயல் தந்த உழைப்பும் போயிற்று. அதனோடு இருந்த கூட்டமும் போயிற்று. பெண்களுக்கோ இன்னும் முன்பே, வயதுக்கு வந்த அன்றே கிளித்தட்டும் நொண்டியும் நின்றுவிடுகின்றன. தடுத்தவர் யாரென்று கேட்டால் பதில் இராது. உடன் ஆடிய தோழி வரவில்லை, ஆகவே இவளும் போகவில்லை.

இதற்கு மருந்து செலவில்லாதது. பரிசு வெல்லும் அணிக்கு மட்டுமன்றி, ஆடத் தெரியாதவருக்கும் மாலையில் ஒரு மணி நேரம் மைதானம் திறந்திருக்கட்டும். பேராசிரியப் பெருமக்களும் ஒருநாள் வந்து கோடு கிழித்து நிற்கட்டும். ஒதுங்கி நிற்கும் ஒருவரை நாம் ஒவ்வொருவரும் கைபிடித்து அழைத்து வருவோம். அறிவுரையைவிட அந்தக் கை வலிமையானது.