சுருட்டை முடி: இயல்பும் பராமரிப்பும்

சுருட்டை முடி உள்ளவர்கள் தோல் மருத்துவப் பிரிவுக்கு வரும்போது கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இதைச் சரிசெய்ய மருந்து உண்டா, டாக்டர்?" சிறுமிகளை அழைத்து வரும் தாய்மார்கள், "நாள்தோறும் எண்ணெய் வைத்தும் முடி அடங்கவில்லையே" என்று வருந்துகின்றனர். சுருட்டை முடி நோயன்று. சத்துக் குறைவின் அடையாளமும் அன்று. நிறத்தையும் உயரத்தையும் போல மரபுவழி வருகின்ற இயல்பு அது. ஆயினும், நேரான முடிக்கு ஏற்ற பழக்கங்களை அதன்மீது செலுத்தும்போது அது வறண்டு, சிக்குண்டு, ஒடிகிறது. அதைக் கண்டு சலித்தவர்கள் அழகு நிலையங்களில் செய்யப்படும் நேராக்கும் முறைகளை நாடுகின்றனர். அம்முறைகளால் உச்சந்தலைத் தோல் புண்படுவதுண்டு. அரிதாகச் சிறுநீரகமும் பாதிக்கப்படுகிறது. ஆகவே இதனைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியுள்ளது.

சுருள் எங்கிருந்து வருகிறது?

முடியின் வடிவம் தோலுக்கு அடியிலேயே முடிவாகிவிடுகிறது. மயிர்க்கால் நேராக இருந்தால் முடி நேராக வளரும். வளைந்திருந்தால் சுருண்டு வளரும். நேரான முடியைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் ஏறத்தாழ வட்டமாகத் தெரியும். சுருட்டை முடி தட்டையான நீள்வட்டமாகத் தெரியும். எனவே எந்த எண்ணெயும், எந்த ஷாம்பூவும், எந்த மாத்திரையும் சுருளை நேராக்கிவிட முடியாது. அவ்வாறு கூறி விற்கப்படும் பொருள்களுக்குப் பணம் செலவிடுவது வீண்.

முடித்தண்டின் வெளிப்புறத்தில் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய செதில்கள் உள்ளன. உள்ளே கெரட்டின் என்னும் புரதச் சங்கிலிகள் இருவகைப் பிணைப்புகளால் கட்டப்பட்டுள்ளன. கந்தகப் பிணைப்புகள் உறுதியானவை. ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீர் பட்டாலே அவிழ்ந்து, உலரும்போது மீண்டும் சேர்பவை. காலையில் படிய வாரிய தலை, கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் நண்பகலுக்குள் பரட்டையாவது இதனால்தான்.

நேரான முடியில் தலைத்தோல் சுரக்கும் எண்ணெய்ப்பசை வேரிலிருந்து நுனிவரை எளிதாக இறங்கும். சுருளின் வளைவுகளில் அது அவ்வாறு இறங்குவதில்லை. ஆகவே ஒரே தலையில் வேர்ப்பகுதி பிசுபிசுப்பாகவும் நுனிப்பகுதி வைக்கோலைப் போலவும் இருக்கக்கூடும். வளைவுகளில் செதில்கள் எளிதில் தூக்கிக்கொள்கின்றன. அடுத்த முடியுடன் உரசி முடிச்சு விழுகிறது. தோலுக்கு வெளியே வந்த முடி உயிரற்றது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மாதத்திற்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்கிறது என்று கொண்டால், 30 சென்டிமீட்டர் நீளமுள்ள முடியின் நுனிக்கு வயது இரண்டரை ஆண்டு. அத்தனை காலத்து வெயிலும் உரசலும் அந்த நுனியில் சேர்ந்திருக்கின்றன. பிளந்த நுனியை வெட்டிவிடலாமே தவிர, ஒட்டவைக்க இயலாது.

குளியலும் சிக்கெடுப்பும்

வாரத்திற்கு ஒருமுறை அல்லது இருமுறை தலைக்குக் குளித்தால் போதும். வியர்வை மிகுந்த வேலை செய்வோரும் பொடுகு உள்ளவர்களும் இன்னும் ஒருமுறை கூட்டிக்கொள்ளலாம். மென்மையான ஷாம்பூவை உச்சந்தலையில் மட்டும் விரல் நுனிகளால் தேய்த்தால், அலசும்போது வழியும் நுரையே நுனிப்பகுதிக்குப் போதுமானது. உடம்புக்குப் போடும் சோப்பைத் தலைக்குப் போட வேண்டாம். ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீருடன் சோப்பு சேர்ந்தால் வெண்மையான படிவு உண்டாகி முடியில் ஒட்டிக்கொள்ளும்; சுருட்டை முடியில் அதை அலசி எடுப்பது கடினம். சீயக்காய் பழக்கப்பட்டவர்கள் அதை விட வேண்டியதில்லை. ஆனால் அரைகுறையாக அரைத்த தூளை நேரடியாகத் தேய்த்தால் துகள்கள் சுருள்களில் சிக்கிக்கொள்ளும். சலித்து, நம் பாட்டிமார்கள் செய்ததைப் போல வடித்த கஞ்சியில் கரைத்துத் தேய்ப்பதே நல்லது.

ஷாம்பூவுக்குப் பின் கண்டிஷனரை இவர்கள் தவிர்க்கவே கூடாது. சிதைந்த முடியின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் கூடுதலாக இருக்கும். கண்டிஷனரில் உள்ள நேர்மின்னூட்டப் பொருள்கள் அவ்விடங்களில் படிந்து செதில்களை அமர்த்துகின்றன. விலையுயர்ந்ததுதான் வேலை செய்யும் என்பதில்லை. செம்பருத்தி இலையை அரைத்து வடித்த கொழகொழப்பான சாறும் முடியை வழுக்கச்செய்து சிக்கெடுப்பை எளிதாக்கும்.

"ஈரத்தலையில் சீப்பு வைக்காதே" என்பது நம் வீடுகளில் தலைமுறைகளாகச் சொல்லப்படும் விதி. நேரான முடிக்கு அது சரியே. நனைந்த முடி இழுபட்டு எளிதில் அறும். சுருட்டை முடிக்கு மட்டும் விதி மாறுகிறது. உலர்ந்த சுருளில் சீப்பை இழுத்தால் முடிச்சுகள் இறுகி, முடி நடுவிலேயே ஒடிந்துவிடும். ஆகவே கண்டிஷனர் தலையில் இருக்கும்போதே முதலில் விரல்களாலும், பிறகு பற்கள் அகன்ற சீப்பாலும் சிக்கெடுக்க வேண்டும். நுனியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே செல்ல வேண்டும். பள்ளிக்கு நேரமாகிறது என்று உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால், குழந்தை சீப்பைக் கண்டாலே ஓடும். விடுமுறை நாளில் நிதானமாகச் சிக்கெடுத்துத் தளர்வாகப் பின்னிவிட்டால் அடுத்த சில நாள்களுக்கு மேலாகச் சரிசெய்தால் போதும்.

குளித்த அன்று கொத்தாக முடி கையோடு வருகிறது என்று பலர் அஞ்சுகின்றனர். எவருக்கும் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பு. நேரான முடி உதிர்ந்தவுடன் கீழே விழுந்துவிடும். சுருட்டை முடியில் உதிர்ந்தவை சுருள்களுக்குள்ளேயே தங்கி, சிக்கெடுக்கும் நாளில் ஒன்றாக வரும். நான்கு நாள் இடைவெளியில் 200 முதல் 400 முடிகள் வந்தால் அது கணக்குக்கு உட்பட்டதே.

துவட்டும்போது முரட்டுத் துண்டால் முறுக்கித் தேய்க்காமல், பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒற்றி எடுக்கலாம். சொட்டும் ஈரம் இருக்கையிலேயே சிறிது கண்டிஷனரையோ, ஆளிவிதையைக் கொதிக்கவைத்து வடித்த கூழையோ உள்ளங்கையில் தடவி, முடியை நுனியிலிருந்து மேல்நோக்கிக் கசக்கினாற்போல் அழுத்திவிட்டால் சுருள்கள் தனித்தனியாக அமையும். உலரும்வரை கையோ சீப்போ வைக்காமல் இருப்பதே இதில் கடினமான பகுதி. மின் உலர்த்தி தேவைப்பட்டால் குறைந்த சூட்டில், தொலைவில் பிடிக்க வேண்டும். நனைந்த முடியில் அதிக வெப்பம் பட்டால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகித் தண்டுக்குள் குமிழிகளை உண்டாக்கும். அவ்விடத்தில் முடி ஒடிந்துபோகும். சாம்பிராணிப் புகை காட்டி உலர்த்தும் வழக்கம் மணமானதுதான். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் வேண்டாம் என்பேன்.

எண்ணெயைப் பற்றி ஒரு சொல். தேங்காய் எண்ணெயில் மிகுந்துள்ள லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள் ஊடுருவக்கூடியது. குளிப்பதற்கு முன்பும் பின்பும் தேங்காய் எண்ணெய் பூசப்பட்ட முடியில் புரத இழப்பு குறைந்ததாகவும், கனிம எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அப்பலனைத் தரவில்லை என்றும் 2003ஆம் ஆண்டில் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஆகவே குளிப்பதற்கு முன் நடுப்பகுதியிலும் நுனியிலும் எண்ணெய் தடவுவது பயனுள்ளது. பொடுகுள்ள உச்சந்தலையில் ஊறவைப்பதோ தீங்கு; பொடுகுக்குக் காரணமான பூஞ்சை எண்ணெய்ப்பசையை உண்டு வாழ்வது.

நேராக்கும் முறைகள்

ரீபாண்டிங் முறையில் கந்தகப் பிணைப்புகளை ரசாயனத்தால் உடைத்து, இரும்புத் தகட்டின் சூட்டில் முடியை நேராக்கி, மற்றொரு ரசாயனத்தால் மீண்டும் பிணைக்கின்றனர். உடைந்த பிணைப்புகள் அனைத்தும் மீண்டும் சேர்வதில்லை, முடி பலவீனமாகிறது. வேரிலிருந்து வளர்வதோ சுருட்டையாகவே வளரும். புதிய சுருளும் பழைய நேர்முடியும் சந்திக்கும் இடத்தில் ஒடிவது மிகுதி. சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற கடுங்காரம் சேர்ந்த பசைகள் தோலில் பட்டால் தீப்புண்ணே உண்டாகும்.

'கெரட்டின் சிகிச்சை' என்னும் பெயர் கேட்பதற்கு ஊட்டம் அளிப்பது போலத் தோன்றும். அதன் பல தயாரிப்புகளில் வேலை செய்வது ஃபார்மால்டிஹைடு. சூடேற்றும்போது அது வாயுவாக வெளிப்படும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதனை மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் வைத்துள்ளது. அழகு நிலையத்தில் வேலை செய்யும் பெண்களே அதை நாள்தோறும் சுவாசிப்பவர்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

ஃபார்மால்டிஹைடு இல்லை என்று அறிவித்து விற்கப்படும் சிலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் உள்ளது. அதுவும் பாதுகாப்பானதன்று. தலைத்தோல் வழியே உட்புகும் அது உடலில் ஆக்சலேட்டாக மாறி, சுண்ணாம்புச் சத்துடன் சேர்ந்து சிறுநீரகத்தில் படிகங்களாகப் படியக்கூடும். 26 வயதுப் பெண் ஒருவருக்கு 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் முடி நேராக்கிய நாளிலேயே சிறுநீரகப் பாதிப்பு தோன்றியதைப் பிரெஞ்சு மருத்துவர்கள் 2024ஆம் ஆண்டில் ஒரு முன்னணி மருத்துவ இதழில் விவரித்தனர். அவருடைய சிறுநீரகம் ஒவ்வொரு முறையும் மீண்டது. அதே பசையை எலிகளின் தோலில் பூசிப் பார்த்தபோது அவற்றின் சிறுநீரகங்களில் ஆக்சலேட் படிகங்கள் காணப்பட்டன. நேராக்கிய சில நாள்களுக்குள் வாந்தி, முதுகு வலி, சிறுநீர் குறைதல் ஆகியவை தோன்றினால் வயிற்றுக் கோளாறு என்று வீட்டிலிருக்காமல் மருத்துவமனைக்கு வாருங்கள். தலையில் என்ன பூசினீர்கள் என்பதை மருத்துவரிடம் கூறுங்கள். அவராகக் கேட்க மாட்டார், கேட்கத் தோன்றாது. ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள், கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோர் இம்முறைகளை முற்றிலும் தவிர்க்க வேண்டும் என்பதே என் கருத்து. திருமணம் போன்ற ஒரு நாளுக்கு நேரான தோற்றம் வேண்டுமென்றால், நன்கு உலர்ந்த முடியில் மிதமான சூட்டில் தகடு வைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அடுத்த குளியலில் சுருள் திரும்பிவிடும்.

பரட்டையை அடக்க இறுக்கிப் பின்னுவதும் தொல்லையே. நெற்றியோரத்திலும் காதுக்கு முன்னும் முடி மெல்ல மெல்லப் பின்வாங்கும். தொடக்கத்தில் பின்னலைத் தளர்த்தினால் முடி மீண்டும் வளரும். ஆண்டுக்கணக்கில் இழுபட்டால் மயிர்க்கால்கள் தழும்பாகிவிடும். பின்னியபின் தலை வலித்தால் பின்னல் இறுக்கம் என்று பொருள்.

எப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும்?

உச்சந்தலையில் வட்டமாக வழுக்கை, சீழ், செதில் உதிரும் சிவப்பு, பகிர்வு அகன்றுகொண்டே போதல் ஆகியவை இருந்தால் காட்டுங்கள். இரத்தச்சோகையும் தைராய்டு குறைபாடும் முடி உதிர்வுக்குக் காரணமாகலாம். வளர்ந்தவருக்குத் திடீரென முடி சுருளத் தொடங்கினால், உண்ணும் மருந்துகளின் பட்டியலுடன் வர வேண்டும். மற்றொன்று மிக அரிது, ஆனால் தவறவிடக் கூடாதது. குடும்பத்தில் எவருக்கும் இல்லாதபடி குழந்தைக்குப் பிறவியிலேயே கம்பளி போன்ற முடி இருந்து, உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்திருந்தால், இதயத் தசையைப் பாதிக்கும் ஒரு மரபுநோய் இருக்கக்கூடும். கிரேக்கத் தீவொன்றின் பெயரால் அது நாக்சோஸ் நோய் எனப்படுகிறது. அக்குழந்தைக்கு இதயப் பரிசோதனை அவசியம். தாயைப் போலவோ தாத்தாவைப் போலவோ சுருட்டை முடியுடன் நலமாக இருக்கும் குழந்தைகளைப் பற்றி இந்த அச்சம் தேவையில்லை.

சிகிச்சையில் இருப்போருக்கு

புற்றுநோய்க்கான கீமோதெரபி முடிந்து ஒன்று முதல் மூன்று மாதங்களில் முடி மீண்டும் முளைக்கத் தொடங்கும். முன்பு நேராக இருந்த பலருக்கு அது சுருண்டு வளர்கிறது. மருந்தால் சீர்குலைந்த மயிர்க்கால்கள் தம் பழைய ஒழுங்குக்குத் திரும்ப நாளாகும். பெரும்பாலோருக்கு ஓராண்டு அளவில் பழைய தன்மை மீள்கிறது, சிலருக்குச் சுருள் தங்கிவிடுகிறது. இந்த முடி மிக மெல்லியது. சாயமும் நேராக்கலும் குறைந்தது ஆறு மாதங்கள் வேண்டாம். மேலே சொன்ன பராமரிப்பே இதற்கும் பொருந்தும்.

நெடுநாள் படுக்கையில் இருப்பவருக்குத் தலையின் பின்புறம் தலையணையில் உரசி, சில நாள்களிலேயே முடி கம்பளம்போல் திரண்டுவிடும். சுருட்டை முடியில் இது இன்னும் விரைவு. படுக்கையில் விழுந்த முதல் நாளிலேயே நடுவகிடு எடுத்து, இரு பக்கமும் காதோரமாகத் தளர்வாகப் பின்னிவிடுங்கள். பின்தலையில் கொண்டை வேண்டாம், அழுத்தத்தால் புண் வரும். தலையணைக்கு வழவழப்பான துணியுறை போடலாம். திரண்டுவிட்ட முடியை உடனே மழிக்க வேண்டியதில்லை. கண்டிஷனரை நன்கு ஊறவிட்டு, ஒருநாளுக்குச் சிறு பகுதியாக நுனியிலிருந்து பிரித்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் நோயாளியைக் கேட்டபின் வெட்டுங்கள். ஆக்சிஜன் வைக்கப்பட்டவரின் அருகில் மின் உலர்த்தியோ ஸ்பிரேயோ பயன்படுத்தக் கூடாது. மூளை மின்னலைப் பரிசோதனைக்கு முன் எண்ணெய், ஜெல் எதுவுமின்றித் தலைக்குக் குளித்து, முடியை உலர்த்தி வர வேண்டும், எம்.ஆர்.ஐ. அறைக்குள் செல்லும் முன் கொண்டை ஊசிகள் அனைத்தையும் எடுத்துவிட வேண்டும். சுருள்களுக்குள் ஒளிந்திருப்பவற்றைச் செவிலியரால் கண்டுபிடிக்க இயலாமல் போகலாம் என்பதால், முதல் நாள் இரவே உடனிருப்பவர் விரல்விட்டுத் துழாவிப் பார்த்துவிடுவது நல்லது.