மாதிரி ரயில் வாங்கப் போகிறீர்களா?

லெம்பா பெர்த்தாம் பக்கம் ரயில் கிடையாது. மலையிறங்கித் தாப்பா ரோடு ஸ்டேஷனுக்குப் போனால்தான் தண்டவாளத்தைக் கண்ணால் பார்க்கலாம். அப்படியிருந்தும் நம் பிள்ளைகளுக்கு ரயில் ஆசை குறைந்தபாடில்லை! போனஸ் வெள்ளி கைக்கு வந்ததும் மின்சார மாதிரி ரயில் கேட்டு அடம் பிடிக்கும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கிறதா? கடைக்குப் போகுமுன் இதைப் படித்துவிடுங்கள். ஓர் அளவில் எஞ்சினும் வேறோர் அளவில் தண்டவாளமும் வாங்கினால் இரண்டும் சேராது; காசு போனது போனதுதான்.

பெட்டியின் மேல் 1:87 என்று போட்டிருக்கும். நிஜத்தில் 87 அடி, இதில் ஓரடி என்று பொருள். இதுதான் ‘எச்.ஓ.’ அளவு. உலகில் மிகுதியாக விற்பதும் இதுவே. 20 மீட்டர் பயணிகள் பெட்டி இதில் ஒரு சாண் நீளம். ‘ஓ’ அளவில் (1:43.5) அதே பெட்டி ஒரு முழம். ‘என்’ அளவில் (1:160) பன்னிரண்டரை சென்டிமீட்டர்தான். 1972-இல் ஜெர்மனியின் மெர்க்லின் கம்பெனி கொண்டுவந்த ‘இசட்’ (1:220) இன்னும் பொடிசு. பிள்ளைகள் கைக்கு அது வேண்டாம்.

இங்கிலாந்துக்காரர் வழக்கம் தனி. அவர்களுடைய ‘டபிள் ஓ’ 1:76; தண்டவாளம் மட்டும் எச்.ஓ.வின் அதே 16.5 மில்லிமீட்டர். அந்நாட்டு எஞ்சின்கள் உடல் சிறுத்தவை. அந்தக் காலத்து மோட்டார் உள்ளே அடங்காததால் மேலுடலைப் பெருக்கிவிட்டு, தண்டவாளத்தை அப்படியே விட்டார்கள்.

இடத்துக்கு வருவோம். எச்.ஓ. ரயில் வட்டமடிக்க மூன்றடி அகலமாவது வேண்டும். பெரிய எஞ்சினுக்கு அதற்கும் மேல். லயத்து வீட்டில் அவ்வளவு பெரிய பலகையை எங்கே வைப்பது? ‘என்’ அளவுக்கு இரண்டடி போதும். ஓடி முடிந்ததும் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம்.

ஆனால் ஒரு சங்கதி. சக்கரம் சிறுக்கச் சிறுக்க, தண்டவாளத்தில் துளி தூசி படிந்தாலும் மின்சாரம் ஏறாமல் ரயில் நின்றுவிடும். நம் மலையின் பனியும் ஈரமும் தெரிந்ததே. இரும்புத் தண்டவாளம் துருப்பிடிக்கும். நிக்கல் வெள்ளி என்னும் கலப்பு உலோகத்தில் செய்ததைக் கேட்டு வாங்குங்கள். எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையால் ‘என்’ சக்கரத்தைத் தண்டவாளத்தில் ஏற்றி வைக்கவும் முடியாது. அவனுக்கு எச்.ஓ.தான், இடத்தை எப்படியாவது ஒழித்துக் கொடுங்கள். பெரிய பிள்ளைக்கு ‘என்’ வாங்கலாம் என்பது என் கட்சி.

“நம்ம ஊர் ரயில்தான் வேண்டும்” என்பான் சில பையன். அங்கேதான் சிக்கல். 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட்டுக்கு ஓடிய முதல் ரயில் தொட்டு, இன்றைய கே.டி.எம். வரை மீட்டர் பாதை. ஊட்டி மலை ரயிலும் அப்படியே. எச்.ஓ. தண்டவாளமோ ஐரோப்பாவின் அகலமான பாதைக்கு உரியது. மீட்டரை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர். அதற்கென்றே 12 மில்லிமீட்டர் தண்டவாளம் உண்டு, ‘எச்.ஓ.எம்.’ என்பார்கள். சுவிட்சர்லாந்து மலை ரயில்களுக்காக விற்கிறார்கள். விலை கடிக்கும்.

அதுவரை அட்டை இருக்கிறதே! அடுத்த முறை தாப்பா ரோடு போகும்போது, நிற்கும் பெட்டியின் நீளத்தைப் பிளாட்பாரத்தில் பையன் காலடியால் அளக்கட்டும். 87-ஆல் வகுத்து, கத்தரிக்கோலை எடுக்கட்டும்.