காருக்குள்ள ஒரு த்ரில்லர், காரை ஓட்டாமலே!

ஷார்ட் ஃபிலிம் எடுக்க ஆசை, கையில இருக்கிறது நண்பனோட அப்பா கார் மட்டும்தானா? அது போதும்.

2013-ல் வந்த 'லாக்' படத்தில் திரையில் தெரிவது டாம் ஹார்டி ஒருத்தர்தான். மற்றவர்கள் எல்லாம் போனில் வரும் குரல்கள். எட்டே ராத்திரியில் ஷூட்டிங் முடிஞ்சது. ஹார்டி வண்டியை ஓட்டவே இல்லை; காரை ட்ரெய்லரில் ஏற்றி இழுத்துட்டுப் போனாங்க. நம்ம ஹார்பரில் காற்றாலை இறக்கை ஏத்திட்டுப் போகுமே, அந்த மாதிரி லோ-பெட் வண்டி.

ட்ரெய்லருக்குக் காசில்லையா? காரை இருட்டில் நிறுத்தி, இன்ஜினை அணைச்சிடுங்க. கண்ணாடியில் தண்ணி தெளிச்சா வெளியே எதுவும் தெளிவாத் தெரியாது. ரெண்டு பேர் டார்ச்சோட முன்னாலிருந்து பின்னால ஓடட்டும்; ஒருத்தர் பம்பரை லேசா அழுத்தி ஆட்டட்டும். லாரி ஹாரனைத் தனியா ரெக்கார்ட் பண்ணிச் சேருங்க. திரையில் வண்டி பறக்கும்!

விறுவிறுப்பு வேகத்தில் இல்லை, கெடுவில் இருக்கு. 'கைதி' (2019) பெரிய படம்தான். ஆனா நம்மைக் கட்டிப்போட்டது, மயங்கிக் கிடக்கும் போலீஸ்காரர்களை நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்க்கணும் என்ற தவிப்பு.

ஹார்பர் ரோட்டில் ராத்திரி முழுக்க கன்டெய்னர் லாரி ஓடுது. அங்கே வசனம் பேசிக்கிட்டே வண்டி ஓட்டுறவன் கண்ணு கேமரா மேலயா, ரோட்டு மேலயா? எந்த ஷாட்டும் ஒரு உயிருக்கு ஈடில்லை மக்கா!