பண்டிகைப் பலகாரத் தட்டும் நீரிழிவு நோயாளியும்

ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் தீபாவளியன்று வீட்டுக்கு வீடு பட்சணத் தட்டு செல்கிறது. திருச்சிராப்பள்ளி பாலக்கரை, மேலப்புதூர் பகுதிகளில் கிறிஸ்துமஸ் நாளன்று அச்சு முறுக்கு, கலகலா, கேக் ஆகியவை அண்டை வீடுகளுக்குப் போகின்றன. வந்த தட்டை வெறுமையாகத் திருப்பித் தருவது வழக்கமில்லை. எனவே பல வீடுகளுடன் பழகும் குடும்பத்தில் இரண்டே நாளில் பல தட்டுகள் சேர்ந்துவிடும். வீட்டில் நீரிழிவு நோயாளி இருந்தால் இது பற்றி முன்கூட்டியே யோசிப்பது நல்லது.

இனிப்பைத் தவிர்த்துக் காரத்தை மட்டும் உண்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. முறுக்கும் தட்டையும் பெரும்பாலும் அரிசி மாவினால் ஆனவை. மாவுச்சத்து செரித்ததும் குளுக்கோஸாகவே மாறுகிறது. வெல்லம் சேர்த்த அதிரசமும் சர்க்கரை சேர்த்த மைசூர்பாகும் இரத்தச் சர்க்கரையை உயர்த்துவதில் பெரிய வேறுபாடு இல்லை. தீபாவளி லேகியமும் மருந்துப் பெயர் கொண்டிருந்தாலும் வெல்லத்தில் கிளறப்படுவதே. 'சர்க்கரை இல்லாதது' என விற்கப்படும் இனிப்பிலும் மைதாவும் நெய்யும் இருக்கலாம்.

அதற்காகத் தட்டைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, அந்த வேளை இட்லியிலோ சோற்றிலோ சிறிது குறைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், உண்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பரிசோதியுங்கள்.

இதைவிட ஆபத்தான தவறு ஒன்று உண்டு. பலகாரம் உண்ணப் போகிறோம் என்று காலை உணவைத் தவிர்ப்பதும், மாத்திரையை இரட்டிப்பாக்குவதும் கூடாது. தீபாவளியன்று விடியற்காலையில் எண்ணெய்க் குளியல் முடித்து, வழக்கமான நேரத்தில் இன்சுலினோ கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டபின், விருந்தினர் வருகையால் உணவு தள்ளிப்போனால் இரத்தச் சர்க்கரை வெகுவாகக் குறையக்கூடும். மருந்தின் அளவை மாற்ற வேண்டுமெனில் பண்டிகைக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்.

வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கடும் பசி, பேச்சில் குழப்பம் ஆகியவை தாழ் சர்க்கரையின் அறிகுறிகள். அளவு 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே இருந்தாலோ, பரிசோதிக்க வசதியின்றி அறிகுறி தெரிந்தாலோ, மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடி அல்லது சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதியுங்கள். குறைவாகவே இருந்தால் மறுபடியும் கொடுங்கள். அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரை எடுப்பவருக்குச் சர்க்கரை மெதுவாகவே செரிக்கும். அவர்களுக்குக் குளுக்கோஸே ஏற்றது. இந்நேரத்தில் லட்டைக் கொடுக்காதீர்கள்; அதிலுள்ள நெய் சர்க்கரை இரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல், அவரைப் பக்கவாட்டில் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

தட்டு அனுப்புபவரும் நோயாளிக்கு உதவ முடியும். நண்பர்கள் கூடிப் பலகாரம் பரிமாறிக்கொள்ள முடிவு செய்யும்போதே, ஒவ்வொரு வீட்டுக்கும் நாலைந்து சிறு துண்டுகள் போதும் என்று பேசிக்கொள்ளலாம். ஒருவர் சுண்டல் செய்து வரலாம். முந்திரி, வேர்க்கடலை, பால், கோதுமை ஆகியவை சேர்ந்திருந்தால் ஒரு சீட்டில் எழுதித் தட்டில் வையுங்கள். ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு இச்சீட்டு மிகவும் பயன்படும். சிறுநீரக நோயாளி உள்ள வீட்டுக்கு உப்பு மிகுந்த மிக்சரும் முந்திரி, பாதாமும் அனுப்பும் முன் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

ஒருமுறை பொரித்துக் கறுத்த எண்ணெயில் மறுநாளும் முறுக்குச் சுட வேண்டாம். பால் சேர்ந்த இனிப்பைக் குளிர்பெட்டியில் வைத்து விரைவில் உண்டுவிடுங்கள். கடையில் உதிரியாக வாங்கும் இனிப்புக்கு, எந்தத் தேதிக்குள் உண்பது சிறந்தது என்பதைக் கடைக்காரர் காட்சிப்படுத்த வேண்டும் என்ற விதி 2020 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. அத்தேதியைப் பார்த்து வாங்குங்கள். தட்டில் வைத்து அனுப்பும்போது அதையும் சீட்டில் குறித்துவிடலாம்.