உறையில் ஐந்தாவதாக ஒரு நாய்

போக்கோ இசைக்குழு, லாஸ் ஏஞ்சல்ஸ், தொடக்கம் 1968

1969இல் வெளிவந்த ‘பிக்கின் அப் த பீசஸ்’ இசைத்தட்டின் உறையில் நான்கு கலைஞர்களோடு ஒரு நாயும் இருக்கிறது. அந்த இடத்தில் முதலில் வரையப்பட்டிருந்தவர் பேஸ் கித்தார் கலைஞர் ராண்டி மைஸ்னர். இறுதி ஒலிக்கலவையின்போது தன்னை உள்ளே விடவில்லை என்று கோபித்துக்கொண்டு, தட்டு வெளியாகுமுன்பே விலகிவிட்டார். அவர் முன்னின்று பாடியவற்றை டிரம்ஸ் வாசித்த ஜார்ஜ் கிராந்தம் மீண்டும் பாடினார். பேஸ் வாசிப்பை அழிக்கவில்லை. உருவத்தை மட்டும் அழித்தார்கள். சிறுபிள்ளைத்தனம்தான்.

பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டு குழு கலைந்ததும் ரிச்சி ஃபியூரேயும் ஜிம் மெஸ்ஸினாவும் தொடங்கிய குழு இது. மெஸ்ஸினா 1970இலும் ஃபியூரே 1973இலும் போய்விட்டார்கள். மைஸ்னருக்குப் பதில் வந்த டிமோதி பி. ஷ்மிட் 1977இல் ஈகிள்ஸ் குழுவுக்கு மாறினார். அங்கே அவருக்குக் கிடைத்ததும் மைஸ்னர் காலிசெய்த இடமே! தொடக்க ஐவரும் மறுபடி சேர்ந்தது 1989இல், ‘லெகசி’ தொகுப்புக்காக.

எல்லா மாற்றங்களுக்கும் நடுவே நிலைத்தவர் ரஸ்டி யங். பெடல் ஸ்டீல் கித்தாரை லெஸ்லி சுழல் ஒலிபெருக்கியில் இணைத்து, ஆர்கன் வாசிப்பதுபோல ஒலிக்கவைத்தார். கேட்பவர்கள் மேடையில் ஆர்கனைத் தேடினால் வியப்பில்லை. தொடக்கத்தில் அவர் பாடகரே அல்ல. ஆனாலும் குழுவின் மிகப்பெரிய வெற்றி அவர் எழுதிப் பாடிய ‘கிரேஸி லவ்’. ஷ்மிட் போன பின் வந்த ‘லெஜண்ட்’ (1978) தொகுப்பில் உள்ள இப்பாடல், 1979இல் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 17ஆம் இடம்வரை ஏறியது. அத்தொகுப்பின் உறையில் உள்ள குதிரைக் கோட்டோவியம், பின்னாளில் நகைச்சுவை நடிகராகப் புகழ்பெற்ற ஃபில் ஹார்ட்மன் வரைந்தது.