வாசிக்க ஆளில்லாத இசைச் சுவடிகள்

திருக்குர்ஆன் தொகுக்கப்பட்ட வரலாற்றில் நாம் எளிதில் மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் முஸ்ஹபுப் பிரதிகளைப் பல நகரங்களுக்கும் அனுப்பியபோது, பிரதியுடன் அதனை ஓதிக் காட்டும் காரி ஒருவரையும் அனுப்பினார்கள் என வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அன்றைய அரபு எழுத்தில் புள்ளிகள் பெரும்பாலும் இடப்படவில்லை; உயிர்க்குறிகளும் இல்லை. எழுத்து மட்டும் போய்ச் சேர்ந்தால் போதாது, வாசிக்கத் தெரிந்தவரும் உடன் சேர வேண்டும் என்பதை அப்பெருமக்கள் உணர்ந்திருந்தனர்.

இறைவேதத்தை வேறெதனுடனும் ஒப்பிட நாம் துணியோம். எனினும் அதன் பாதுகாப்பு வரலாறு தரும் பாடம் நம் காலத்துக் கணினிக்கும் பொருந்துகிறது.

1986ஆம் ஆண்டு வெளிவந்த 'புன்னகை மன்னன்' திரைப்படத்தில், இளையராஜாவின் இசைக்கு யமஹா நிறுவனத்தின் சி.எக்ஸ்.5எம் என்னும் கணினி பயன்பட்டது. அதை இயக்கியவர் அப்போது திலீப் என்று அழைக்கப்பட்ட பத்தொன்பது வயது இளைஞர். பின்னர் இஸ்லாத்தைத் தழுவி ஏ.ஆர். ரஹ்மான் என உலகம் அறிந்தவர் அவரே. இந்தியத் திரையிசையில் கணினி நுழைந்த தொடக்க முயற்சிகளுள் அதுவும் ஒன்று.

இசைக் கருவிகள் பற்றி ஆலிம்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. மனிதனின் உழைப்பும் அறிவும் எப்படி மறைகின்றன, எப்படி மீட்கப்படுகின்றன என்பதே இங்கு நம் பேச்சு.

குரலன்று, கட்டளை

ஒலிநாடாவில் பதிவாவது ஒலி. இத்தகைய கணினியில் பதிவாவதோ கட்டளை. எந்தச் சுரம், எவ்வளவு நேரம், எந்தக் கருவியின் ஓசையில் என்ற குறிப்பு மட்டுமே அதில் இருக்கும். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் இக்குறிப்புகளைத் தமக்குள் பரிமாறிக்கொள்ள 1983இல் 'மிடி' என்னும் பொது முறை வந்தது.

சி.எக்ஸ்.5எம் கணினியின் நினைவகம் 32 கிலோபைட் மட்டுமே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப்போல் பன்மடங்கு பெரிது. இசையமைக்கும் மென்பொருள் தனியொரு கேட்ரிட்ஜில் வரும். அமைத்த மெட்டைச் சாதாரண ஒலிநாடாவில் சேமிக்கலாம். அந்த நாடாவை வானொலிப் பெட்டியில் இட்டால் இரைச்சல்தான் கேட்கும். மெட்டு மீண்டும் ஒலிக்க நாடா, கேட்ரிட்ஜ், கணினி ஆகிய மூன்றும் கூட வேண்டும். ஒன்று தவறினாலும் மற்றவை ஊமையே.

1985இல் வந்த அடாரி எஸ்.டி. கணினிக்கும் இதே நிலைதான். 1989இல் அதற்கென வெளிவந்த கியூபேஸ் மென்பொருள், உடன் தரப்பட்ட சிறு பூட்டுக் கருவியைச் செருகினால்தான் இயங்கும். பிளாப்பி தப்பிப் பிழைத்தும் அக்கருவி தொலைந்து போயிருந்தால் என்ன பயன்?

மீட்போர் செய்யும் பணி

உலகின் பல மூலைகளில் ஆர்வலர்கள் பரணிலும் பழைய பொருட்கடையிலும் இவற்றைத் தேடி எடுக்கின்றனர். கேட்ரிட்ஜின் சில்லில் உள்ளதை முழுமையாகப் படியெடுத்துக் கோப்பாக்குகின்றனர். பின்பு பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் 'எமுலேட்டர்' என்னும் மென்பொருளை எழுதி, அக்கோப்பைப் புதிய கணினியில் இயக்குகின்றனர். சி.எக்ஸ்.5எம் சார்ந்த எம்.எஸ்.எக்ஸ். வகைக் கணினிகளுக்கு 'ஓப்பன் எம்.எஸ்.எக்ஸ்' என்னும் இலவச எமுலேட்டர் உண்டு. வாசிக்க ஆளின்றிக் கிடந்த சுவடிக்கு வாசிப்பவரைத் தேடித் தருவது போன்ற பணி இது. பழைய நிறுவனம் கடையைக் கட்டிவிட்டாலும் அதன் உரிமை தானாக முடிந்துவிடாது என்பதையும் இப்பணியில் மறக்கலாகாது. அது அமானிதம்.

நம் முன்னோருக்கும் இதில் பங்குண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர் மூவர், நீர்விசையால் தானே இசைக்கும் குழல் ஒன்றை விவரித்து எழுதினர். சுழலும் உருளையில் பதித்த முளைகள் குழலின் துளைகளைத் திறந்து மூடும். முளைகளை மாற்றினால் மெட்டும் மாறும். அதன் செய்முறை எழுத்தில் இருந்ததாலன்றோ இன்றும் ஆய்வாளர் அதைப் புரிந்துகொள்கின்றனர்!

நம் வீட்டு அலமாரி

எங்கள் மதரசாவின் மர அலமாரியில் சில பிளாப்பிகள் இருக்கின்றன. மீலாது மேடையில் பிள்ளைகள் பாடிய பைத்துகளும், அவற்றுக்கு ஒரு சகோதரர் கீபோர்டில் அமைத்த மெட்டுகளும் அவற்றில் உள்ளன. அவர் வஃபாத்தாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அண்மையில் பிளாப்பிப் பெட்டி ஒன்றை இரவல் வாங்கித் திறந்து பார்த்தோம். பைத்துகள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருந்ததால் வெறும் குறிகளாகத் தெரிந்தன. எழுத்துருவின் பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை. மெட்டை எந்தக் கருவியில் அமைத்தார் என்று கேட்கவும் அவர் இல்லை. அவர் இருந்த காலத்தில் ஒரு தாளில் இரண்டு வரி எழுதி வாங்கியிருந்தால் போதுமே என்ற வருத்தம் எங்களை விடவில்லை.

எங்கள் பரளச்சிப் பக்கத்து மானாவாரிச் சம்சாரி விதையை மட்டும் சேர்த்து வைப்பதில்லை. எந்த மழைக்கு எதை விதைப்பது என்பதையும் மகனுக்குச் சொல்லி வைக்கிறார். உங்கள் வீட்டிலும் பழைய நாடாவோ, பிளாப்பியோ, குறுந்தகடோ இருக்கலாம். இன்றே எடுத்துப் பாருங்கள். எந்தக் கருவி, எந்த மென்பொருள், எந்த எழுத்துரு என்பதை உறையின் மேல் எழுதுங்கள். ஒலியாக ஒரு படி, யூனிகோடு எழுத்தில் ஒரு படி எடுத்து, இரண்டையும் வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, அதை உருவாக்கியவர் உயிரோடு இருந்தால் அவரிடம் போய் அமர்ந்து கேளுங்கள். பொருள் நம் கையில் இருக்கும். அதை வாசிக்கத் தெரிந்தவர் அல்லாஹ் நாடிய நாள் வரைதான் நம்மோடு இருப்பார்.